மைக்குக்குள் எங்கிருந்து வந்தது கரண்ட்?

ஆடி பிறந்துவிட்டால் மாதவரம் தொடங்கி திருவொற்றியூர், ராயபுரம் வரை தெருவுக்கு ஒரு பந்தல் முளைத்துவிடும். அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்த இரவில் கச்சேரி. மழை தூறி ஓய்ந்திருக்கும், மேடையில் விரித்த ஜமுக்காளம் நனைந்திருக்கும். கோயில் மேடை என்பதால் செருப்பைக் கீழே கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். பாடகர் ஒரு கையால் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மைக்கை உதட்டருகே கொண்டுபோகிறார். உடனே தலையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்.

“அண்ணே, மைக்கு சுரீர்னு அடிக்குதுண்ணே.”

“ஒண்ணுமில்லப்பா, லேசா எர்த் அடிக்குது. கர்ச்சீப்பைச் சுத்திப் புடி.”

கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு அவர் பாடத் தொடங்குவார். கூட்டம் கைதட்டும். யாரும் அதற்கு மேல் யோசிப்பதில்லை. யோசித்தால் இது பெரிய புதிர். கையில் பிடித்துப் பாடும் சாதாரண மைக்கில் பேட்டரி கிடையாது. உள்ளே இருப்பவை ஒரு மெல்லிய சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச்சுருள், ஒரு காந்தம். குரல் பட்டுச் சவ்வு அதிரும்போது சுருள் காந்தத்தின் நடுவே ஆடும். அதனால் சில மில்லிவோல்ட் பிறக்கும். அதை வைத்து ஒரு கொசுவைக்கூட அடிக்க முடியாது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் கம்பியோ மைக்கின் பக்கமே போவதில்லை. அப்படியானால் உதட்டைச் சுட்டது எது?

மைக்கின் உடம்பு எங்கே முடிகிறது?

மைக் கேபிளை வெட்டிப் பார்த்தால் நடுவில் இரண்டு மெல்லிய கம்பிகள் இருக்கும். அவற்றைச் சுற்றிச் செம்புக் கம்பிகளால் பின்னிய வலை ஒன்று இருக்கும். குரல் போவது நடுக்கம்பிகளில். வலைக்கு வேறு வேலை: வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் உள்ளே நுழையாமல் தடுப்பது. இதைக் கவசம் என்று சொல்வோம். கவசத்தின் ஒரு முனை மைக்கின் உலோகக் கூட்டோடும், மறுமுனை மிக்ஸரின் உலோகப் பெட்டியோடும் இணைந்திருக்கிறது.

ஆகவே மின்சாரத்தின் கணக்கில் மைக்கின் உடம்பு பாடகரின் கையோடு முடிவதில்லை. கேபிள் வழியே நீண்டு, கூட்டத்துக்கு நடுவே மேசை போட்டு வைத்திருக்கும் மிக்ஸர் வரை போகிறது. மைக்கைத் தொடுபவர் மிக்ஸரின் பெட்டியைத் தொடுகிறார். உதடுகள் ஈரமானவை, தோலும் மெல்லியது. விரல் உணராத சிறு மின்னோட்டத்தை அவை உணர்ந்துவிடுகின்றன.

மிக்ஸரின் பிளக்கில் மூன்று பின்கள். இரண்டு, கரண்ட் போகவும் வரவும். மூன்றாவது, மற்ற இரண்டையும்விட நீளமும் பருமனுமான எர்த் பின். அது பெட்டியின் உலோகத்தை நிலத்தோடு இணைக்கிறது. பிளக்கைச் செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காகத்தான் அதை நீளமாகச் செய்திருக்கிறார்கள்.

பழுதே இல்லாமல் கசியும்

மடிக்கணினியைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் உலோக மூடியை விரல் நுனியால் தடவினால் சில வீடுகளில் சொரசொரவென்று ஓர் அதிர்வு தெரியும். கணினியில் பழுது எதுவும் இருக்காது. இன்றைய மின்னணுக் கருவிகளின் பவர் சப்ளையில், இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறு கெப்பாசிட்டர்களை வேண்டுமென்றே உலோகப் பெட்டியோடு இணைத்திருப்பார்கள். அவற்றின் வழியே மிகச் சிறிதளவு மின்சாரம் பெட்டிக்கு ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும். இதுதான் கசிவு மின்னோட்டம். எர்த் சரியாக இருந்தால் அது நிலத்துக்குப் போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. எர்த் இல்லாவிட்டால் போக்கிடமின்றிப் பெட்டி 230-க்கும் சுழியத்துக்கும் நடுவில், ஏறக்குறைய 115 வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்.

வோல்ட் கணக்கைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கருவியிலிருந்து கசியக்கூடியது கால் மில்லி ஆம்பியர் அளவே. அதாவது ஒரு ஆம்பியரை நாலாயிரமாகப் பங்கிட்டால் அதில் ஒன்று. தொட்டால் கூசும், அவ்வளவுதான். மேடையில் ஒரே ஒரு கருவி இருந்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும்.

ஒரு மேடை, 24 கசிவுகள்

நம் ஆடி மாத மேடைக்கே வருவோம். கோயில் மீட்டர் மொத்த லோடையும் தாங்காது. ஸ்பீக்கர்களுக்கான ஆம்பிளிபயர்களைக் கோயில் பிளக்கில் மாட்டிவிட்டு, எதிர்க்கடையிலிருந்து ஒரு லைன் இழுத்திருக்கிறார்கள். அந்த லைனில் எல்ஈடி பார் லைட்டுகள் 22, மிக்ஸர் ஒன்று, மிக்ஸர் பக்கத்தில் எக்கோ போடும் பெட்டி ஒன்று. மொத்தம் 24 கருவிகள். எல்லாம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுகள் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றாக மாட்டி, கடைசியில் கடைச் சுவரில் ஒரே ஒரு பிளக்கில் சேர்கின்றன. அந்தப் பிளக்கில் மட்டும் எர்த் பின் இல்லை. யாரோ பிடுங்கிவிட்டார்கள். யார், ஏன் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸுகளுக்குள் எர்த் கம்பி நன்றாகவே இருக்கிறது. 24 கருவிகளின் உலோக உடம்புகளையும் அது ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. நிலத்துக்குப் போகும் வாசல்தான் அடைபட்டிருக்கிறது. உயிர்காக்கப் போட்ட அதே கம்பி, இப்போது 24 கசிவுகளையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறது. கருவிக்குக் கால் மில்லி ஆம்பியர் வீதம் கூட்டினால் 6 மில்லி ஆம்பியர்.

இந்த ஆறும் வெளியேற வழி தேடுகிறது. மிக்ஸர் பெட்டி, கேபிள் கவசம், மைக் கூடு, ஈர உதடு, மார்பு, கை, மழையில் நனைந்து மண்ணில் இறங்கிய இரும்புக் கம்பம், அங்கிருந்து நிலம்: வழி கிடைத்துவிட்டது. பாடகர் கம்பத்தைப் பிடிக்காமல் நின்றிருந்தாலும் வெறுங்கால் ஈர ஜமுக்காளத்தில் ஓரளவு வழி விட்டிருக்கும்.

ஆறு என்றால் எவ்வளவு?

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் டால்சீல் என்ற பொறியியல் பேராசிரியர் இருந்தார். 1940-களில் அவர் ஆய்வகத்தில் செய்ததை இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அனுமதிக்குமா என்பது சந்தேகம். தாமாக முன்வந்தவர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, எந்த அளவில் கம்பியை விட முடியாமல் போகிறது என்று அளந்தார். மின்னோட்டம் தசையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டால், விட வேண்டும் என்று மூளை எவ்வளவு சொன்னாலும் கை இன்னும் இறுக்கமாகத்தான் பிடிக்கும். 134 ஆண்களிடமும் 28 பெண்களிடமும் அளந்தபோது அந்த எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை என்று வந்தது. சராசரியை நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியாது அல்லவா? அநேகமாக எல்லோராலும் கையை விட முடிகிற அளவு எது என்றும் கணக்கிட்டார்: ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6.

நம் மேடையில் சேர்ந்ததும் அதே 6. எந்தக் கருவியிலும் பழுதில்லை, எல்லாம் கடையில் வாங்கிய புதுச் சரக்கு. அப்படியிருந்தும் ஒரு பாடகியின் கை மைக்கை விட முடியாமல் தடுமாறக்கூடிய எல்லையில் நிற்கிறது மேடை. கைக்குட்டை இதற்கு மருந்தாகாது. இரண்டாவது பாட்டுக்குள் வியர்வை அதை நனைத்துவிடும்.

அந்தப் பின்னைப் பிடுங்கியது யார்?

குற்றவாளியைக் கண்டுபிடிக்கக் காதைத் தீட்ட வேண்டும். மாலையில் மைக் செட்டைப் போட்டவுடன் ஸ்பீக்கரிலிருந்து “ம்ம்ம்ம்” என்று ஓர் இரைச்சல் வந்திருக்கும். அந்த இரைச்சலுக்குச் சுருதி உண்டு. எண்ணூரைத் தாண்டினால் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. அங்கே டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று, அதாவது வினாடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருவது அந்தச் சுழற்சியால்தான். ஸ்பீக்கரில் கேட்பது அந்த ஐம்பதும் அதன் மடங்குகளும். தென்னகத்தின் மின்கட்டம் 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை வழியாக வடக்கோடு இணைந்தது. அன்றுமுதல் மாதவரத்து ஸ்பீக்கரும் அமிர்தசரஸ் ஸ்பீக்கரும் இந்த இரைச்சலை ஒரே சுருதியில்தான் பாடுகின்றன.

அது ஸ்பீக்கருக்குள் நுழைந்த கதை இது. ஆம்பிளிபயரின் எர்த் கோயில் குழியில் இறங்குகிறது. மிக்ஸரின் எர்த் எதிர்க்கடைக் குழியில். நிலம் எங்கும் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். மின்சாரத்துக்கு அப்படி இல்லை. இரு குழிகளுக்கும் இடையே அரை வோல்ட், ஒரு வோல்ட் வித்தியாசம் இருப்பது சாதாரணம். மிக்ஸரிலிருந்து ஆம்பிளிபயருக்குப் போகும் கேபிளின் கவசம் இரண்டையும் இணைத்துவிடுகிறது. இப்போது கோயில் குழி, கவசம், கடைக் குழி, நிலம் என்று ஒரு வட்டம் பூர்த்தியாகி, அதில் 50 சுழற்சி மின்னோட்டம் ஓடுகிறது. இதை எர்த் வளையம் என்போம். கவசத்தில் ஓடும் அந்த ஓட்டம்தான் பாட்டோடு கலந்து இரைச்சலாகிறது.

உதவிக்கு வந்த பையனுக்கு அனுபவம் உண்டு. கடைப் பிளக்கைக் கழற்றி எர்த் பின்னை எடுத்துவிட்டுத் திரும்பச் செருகுகிறான். வட்டம் அறுந்தது, இரைச்சல் போச்சு. விழாக் குழுவினர் முதுகில் தட்டிக்கொடுக்கிறார்கள். அப்போது மைக்கில் ஷாக்கும் இல்லை! ஏனென்றால் 24 கசிவுகளும் கேபிளின் கவசம் வழியாக ஆம்பிளிபயருக்குப் போய், கோயில் எர்த்தில் இறங்கிக்கொண்டிருக்கின்றன. பாட்டைச் சுமக்கப் போட்ட கேபிளின் செம்பு வலைதான் 24 கருவிகளுக்கும் இப்போது ஒரே எர்த்.

இரவு எட்டு மணிக்கு யாரோ கேபிளை மிதித்து, முனையில் கவசத்தின் பற்றவைப்பு விட்டுப்போகிறது. நடுக்கம்பி இரண்டும் சரியாக இருப்பதால் பாட்டு நிற்பதில்லை. காதுக்கு எந்த அறிகுறியும் கிடையாது. அடுத்து மைக்கைப் பிடிக்கும் உதடுதான் முதலில் தெரிந்துகொள்ளும்.

மைக் செட்டுத் தொழிலில் இருப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இரைச்சல் எல்லோர் காதிலும் விழுகிறது, அதற்குத் திட்டு விழுகிறது. இல்லாத எர்த்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் இரைச்சலைப் போக்க நேரான வழிகள் இருக்கின்றன. மிக்ஸருக்கும் ஆம்பிளிபயருக்கும் ஒரே இடத்திலிருந்து லைன் எடுத்தால் வளையமே உருவாகாது. அது முடியாவிட்டால், பாட்டு போகும் கேபிளில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரையோ டிஐ பாக்ஸையோ மாட்டலாம். பாட்டு காந்தப் புலமாகத் தாண்டிப் போகும், செம்புத் தொடர்பு அறுந்துவிடும். டிஐ பாக்ஸில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அது துண்டிப்பது பாட்டுக் கேபிளின் கவசத்தை மட்டும். கவசத்தை ஒரு முனையில் துண்டிக்கலாம். பவர் பிளக்கின் எர்த்தைத் துண்டிக்க எந்தக் காரணமும் போதாது. விளக்கு வயர்களை மைக் வயர்களோடு சேர்த்துக் கட்டாமல் எட்ட வைத்தாலே பாதி இரைச்சல் அடங்கிவிடும், அதற்குக் காசு செலவும் இல்லை.

ஒரு விளக்கு பழுதானால்

இதுவரை பார்த்தது பழுதில்லாத மேடை. 22 விளக்குகளில் ஒன்றில் வயர் நசுங்கி, செப்புக் கம்பி விளக்கின் கூட்டைத் தொடுகிறது என்று வையுங்கள். லாரியில் ஏற்றி இறக்கும் சரக்குக்கு இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். கடற்கரைப் பக்கம், காசிமேடு, எண்ணூர் வட்டாரத்தில், உப்புக்காற்று ஸ்க்ரூக்களைத் தின்று இதைச் சீக்கிரமாக்கிவிடும். அந்த நொடியில் 24 உடம்புகளும் முழு 230 வோல்ட்டுக்குப் போகின்றன. இப்போது கால் மில்லி ஆம்பியர் என்ற கடிவாளம் இல்லை. மனித உடலின் தடையை 1,500 ஓம் என்று வைத்தால் ஓடுவது 150 மில்லி ஆம்பியருக்கு மேல். இதயத்தின் தாளத்தைக் குலைக்க அது தாராளம். ஃப்யூஸ் போகாது. 16 ஆம்பியர் ஃப்யூஸின் கணக்கில் இது ஒரு தூசு.

1972 மே 3 அன்று வேல்ஸில், ஸ்வான்சீ நகர மேடையில், ஸ்டோன் த க்ரோஸ் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, ரசிகர்கள் கண்முன்னே இறந்தார். வயது 27. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 1965-இல், ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அமெரிக்காவின் சாக்ரமெண்டோவில் தன் கிட்டாரால் மைக் ஸ்டாண்டைத் தட்டி மயங்கி விழுந்தார், பிழைத்துக்கொண்டார். காலில் இருந்த ரப்பர் அடிக் காலணிதான் காப்பாற்றியது என்று சொல்வார்கள். நம் கோயில் மேடையில் அந்தக் காலணி படிக்குக் கீழே கிடக்கிறது.

கம்பி அடித்தால் போதுமா?

“எர்த் இல்லைன்னா ஒரு கம்பி அடிச்சிடலாம்” என்பது மேடை போடுபவர்களிடம் தயாராக இருக்கும் பதில். மாதவரம் ஏரிப் பக்கத்துக் களிமண்ணில் ஒன்றரை மீட்டர்க் கம்பியை இறக்கினால் நல்ல எர்த்தான் கிடைக்கும். 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கசிவு மின்னோட்டத்துக்கு இது தாராளம், உதட்டுச் சுரீர் நின்றுவிடும். விளக்குப் பழுதுக்கு இது போதுமா?

230 வோல்ட் இந்தக் கம்பி வழியே நிலத்தில் இறங்கி, டிரான்ஸ்பார்மரின் எர்த் வழியே திரும்ப வேண்டும். அங்கே ஒரு 5 ஓம். மொத்தம் 25. ஓடுவது 9 ஆம்பியர் சொச்சம். ஃப்யூஸும் போகாது, எம்சிபியும் விழாது. 25-இல் 20 பங்கு தடை நம் கம்பியில் இருப்பதால், 230-இல் 184 வோல்ட் அங்கேயே நிற்கும். மேடையின் உலோகம் முழுவதும் 184 வோல்ட்டில் இருக்க, விளக்குகள் ஜொலிக்க, கச்சேரி நடந்துகொண்டிருக்கும். உப்பும் தண்ணீரும் ஊற்றி 20 ஓமைப் பத்தாக்கினாலும் 150 வோல்ட் மிஞ்சும். கணக்கைப் போட்டுப் பார்க்காதவரை நம்ப முடியாத விஷயம் இது. பலர் நம்புவதும் இல்லை.

போனதும் வந்ததும்

அதனால்தான் கசிவுத் துண்டிப்பான் என்ற சிறு பெட்டி வேண்டியிருக்கிறது. கடையில் ஆர்சிசிபி என்று கேட்டால் கொடுப்பார்கள்; பழைய எலக்ட்ரீஷியன்கள் ஈஎல்சிபி என்பார்கள். எவ்வளவு கரண்ட் போகிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அது மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளையைப் போல: ஒரு கம்பியில் போனது மறு கம்பியில் அப்படியே திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கும். குறைந்தால், அந்தக் குறை வேறு வழியில், ஒருவேளை ஒருவர் உடம்பு வழியாகவே, நிலத்துக்குப் போகிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 வினாடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது தர விதி. 150 குறைந்தால் 0.04 வினாடிக்குள். இதயம் ஒருமுறை துடித்து முடிவதற்குள் வேலை முடிந்துவிடும். டால்சீலும் தன் அளவீடுகளை வைத்து 1961-இல் இதே வகைக் கருவி ஒன்றை உருவாக்கினார். அமெரிக்க வீடுகளில் அது 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே துண்டித்துவிடும். அவர் போட்ட 6 என்ற எல்லைக்குச் சற்றுக் கீழே.

மேடைக்காரர்களுக்கு இந்தப் பெட்டிமேல் ஒரு மனக்குறை உண்டு: “சும்மா சும்மா டிரிப் ஆகுது சார்.” அதில் உண்மை இருக்கிறது. 80 விளக்குகளை ஒரே பெட்டியில் மாட்டினால் பழுதே இல்லாமல் 20 மில்லி ஆம்பியர் கசியும். 30 என்று எழுதியிருக்கும் பெட்டி, விதிப்படி 15-ஐத் தாண்டினாலே எப்போது வேண்டுமானாலும் விழலாம். கச்சேரி நடுவே இருட்டானதும் கோபத்தில் பெட்டியைத் தாண்டி நேரடியாக லைன் கொடுத்துவிடுகிறார்கள். செய்ய வேண்டியது, நான்கு பெட்டிகள் வாங்கி விளக்குகளை நாலாகப் பிரிப்பது. மைக் செட்டுக்குத் தனியாக ஒன்று. ஒரு விளக்குக் கூட்டம் அணைந்தாலும் மேடை இருளாது.

ஜெனரேட்டர் வண்டி வந்தால் இன்னொரு சிக்கல். அதன் நியூட்ரலை எர்த்தோடு இணைக்காமல் விட்டால், நிலத்துக்குப் போன கரண்ட் திரும்பி வரப் பாதை இல்லை. கசிவுத் துண்டிப்பானுக்குக் கண் தெரியாமல் போய்விடும். ஜெனரேட்டரில் நியூட்ரல் எங்கே எர்த் செய்யப்பட்டிருக்கிறது என்று லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லாமல் அதைத் தொடக்கூடாது.

இந்தப் பெட்டி எதுவுமே உதவாத இடம் ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அந்தக் கம்பிக்கும் நம் சுவர் பிளக்குக்கும் தொடர்பே இல்லை. அங்கே காப்பாற்றக்கூடியது இடைவெளி ஒன்றுதான். பந்தல் கால் நடுவதற்கு முன்பு, லைட் கட்டும் இரும்புச் சட்டத்தை நிமிர்த்துவதற்கு முன்பு, சீரியல் செட் மாலையைத் தெருவின் குறுக்கே வீசுவதற்கு முன்பு, தலைக்கு மேல் கம்பி போகிறதா என்று ஒருவர் நின்று பார்க்க வேண்டும். போனால் மேடையை நகர்த்த வேண்டும், அல்லது மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து லைனை நிறுத்த வேண்டும்.

டெஸ்டர் சொல்லாதது

மைக்கில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பதை எல்லா மேடையிலும் காணலாம். டெஸ்டரின் நியான் விளக்கு எரிய மிகமிகச் சிறிய மின்னோட்டமே போதும். கால் மில்லி ஆம்பியர் கசிவுக்கும் அது எரியும், உயிரெடுக்கும் பழுதுக்கும் எரியும். பாடகரின் உதடும் அப்படித்தான். லேசான கூச்சத்தை வைத்துப் பின்னால் இருப்பது எது என்று சொல்லிவிட முடியாது. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை மைக்கின் வலைத்தலையிலும் மறு முனையைப் பந்தல் கம்பத்திலும் வைத்தால் ஓர் எண் வரும். ஒன்றிரண்டு வோல்ட் என்றால் எர்த் சேர்ந்திருக்கிறது. நூறுக்குப் பக்கத்தில் என்றால் எங்கோ எர்த் விட்டுப்போயிருக்கிறது. அப்போது மெயினை அணைத்துவிட்டு, கடைச் சுவரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி மூன்றாவது பின்னைத் தேட வேண்டும்.

எண் சரியாக வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. ஒவ்வொரு கசிவுத் துண்டிப்பானிலும் ‘டெஸ்ட்’ என்று எழுதிய பொத்தான் இருக்கும். அழுத்தினால் படாரென்று விழ வேண்டும். விழாத பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்று மாட்டும்வரை பாடகரை மேடையேறச் சொல்லக்கூடாது.